வீட்டிலிருந்து வந்தவரும் விமானத்திலிருந்து வந்தவரும்

விமான நிலையங்களுக்குள் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஷட்டில் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியிடமே மயங்கிவிடுகிறார்கள். ஓட்டுநர் இல்லை, ரப்பர் டயர், தண்டவாளத்துக்குப் பதில் கான்கிரீட் தடம், ஓரிடத்தில் காந்தத்தில் மிதந்தது, வேறோரிடத்தில் கயிறு இழுத்தது என்று கதை எந்திரங்களின் வரிசையாக நீளும். இந்த வரலாற்றில் வண்டி மாறியது பெரிய செய்தியே அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விமான நிலையத்துக்கும் பக்கத்து ரயில் நிலையத்துக்கும் இடையே 1984இல் உலகின் முதல் வணிகக் காந்த மிதவை ரயில் ஓடியது. மொத்தம் சுமார் 600 மீட்டர் தூரம். 1995இல் அதை நிறுத்தினார்கள். சில ஆண்டுகள் பேருந்து ஓடியது. 2003இல் அதே உயர்மட்டத் தடத்தின்மேல் கயிற்றால் இழுக்கப்படும் வண்டி வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1969இல் புதிய விமான நிலையத்தைத் திறந்தபோது முனையங்களுக்கு அடியில் சுரங்கம் அமைத்துச் சிறிய மின்வண்டிகளை விட்டார்கள். 1972இல் வேறொரு நிறுவனத்தின் வண்டி வந்தது. 1981இல் வந்தது டிஸ்னி நிறுவனம் தன் கேளிக்கைப் பூங்காவுக்காக உருவாக்கிய ரகம்: மோட்டார் தடத்தில் இருக்கும், வண்டியில் இருக்காது. மூன்று தலைமுறை வண்டிகளுக்கும் சுரங்கம் ஒன்றுதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளோடு சேர்த்து 21 கிலோமீட்டர் தடத்தையே கைகழுவிய விமான நிலையமும் உண்டு. ஒரு வழி தலைமுறைகளைத் தாண்டி நிற்பதும் இன்னொன்று பாதியில் செத்துப்போவதும் எந்திரத்தின் தரத்தைப் பொறுத்ததல்ல என்பதே என் வாதம். தடத்தின் வரைபடத்தை முதன்முதலில் வரைந்தவர், பயணி எங்கிருந்து வருகிறார் என்ற கேள்விக்கு ஒரு பதிலைத் தீர்மானித்துக்கொண்டே வரைந்திருக்கிறார். வீட்டிலிருந்து காரில் வருகிறாரா, இன்னொரு விமானத்திலிருந்து இறங்கி வருகிறாரா? அந்தப் பதில் மெய்யாக இருக்கும்வரை தடத்துக்கு ஆயுள் உண்டு.

பிரச்சினையின் வேர் இறக்கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயணிகளைச் சுமந்த டிசி-3 விமானத்தின் இறக்கை அகலம் 29 மீட்டர். 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747க்கு ஏறக்குறைய 60 மீட்டர். விமானங்கள் பக்கம் பக்கமாக நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கேட்டுக்கும் இடையே அத்தனை அகலம் வேண்டும். பத்து கேட் வரிசையாக வைத்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இறக்கை வளர வளர, 747 வருவதற்கு முன்பே, 1950களிலும் 60களிலும் பெரிய நகரங்களின் முனையங்கள் நீண்ட கைகளை நீட்டி வளர்ந்தன. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தக் கையின் நுனிவரை நடப்பது பயணத்தின் மிகக் கொடிய பகுதி என்று பேச்சு எழுந்தது. பெட்டிக்குச் சக்கரம் வராத காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாலஸ் நகரின் லவ் ஃபீல்ட் 1958இல் நகரும் நடைபாதை அமைத்தது. விமான நிலையங்களில் அதுவே முதல். மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகரும் அந்தப் பட்டை எதையும் தீர்க்கவில்லை. நடையைக் கொஞ்சம் சோம்பலாக்கியது.

வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை வடிவமைத்த ஈரோ சாரினென் கொடுத்த தீர்வு இன்றும் வியக்க வைப்பது. பயணியை விமானத்திடம் நடத்திச் செல்லாமல், உட்காரும் கூடத்தையே விமானத்திடம் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார் அவர். இந்த யோசனையை விளக்கி நம்ப வைக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ் 1958இல் ஒரு குறும்படமே எடுத்துக் கொடுத்தார். 1962 நவம்பரில் நிலையம் திறந்தபோது சாரினென் உயிரோடில்லை. ‘மொபைல் லவுஞ்ச்’ என்ற அந்த வண்டிகள் மட்டும் தயாராக இருந்தன. கால்களில் உயர்த்தி வைத்த ஓர் அறை என்று அதைச் சொல்லலாம். 16 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 5 மீட்டர் அகலம், நூறு பேருக்குச் சற்று அதிகமாக ஏறலாம், அதில் எழுபது பேருக்கு இருக்கை. முனையக் கட்டடத்தின் கதவோடு ஒட்டி நின்று, நிரம்பியதும் கழன்று, ஓடுதளப் பரப்பைக் கடந்து, தூரத்தில் நிற்கும் விமானத்தின் கதவோடு போய் ஒட்டிக்கொள்ளும். நிலையான தடமே இல்லாத ஷட்டில் அது. எங்கே விமானம் நிற்கிறதோ அங்கே வழி. காரில் வந்து இறங்கி, சிறிது தூரம் நடந்து, லவுஞ்சில் உட்கார்ந்து, வேறு எங்கும் கால் வைக்காமல் விமானத்துக்குள் போகிற ஒரே ஒரு வகைப் பயணியை வைத்து அந்த முழு அமைப்பும் கட்டப்பட்டிருந்தது. அவருக்கு அது அரச மரியாதை. விமானம் விட்டு விமானம் மாறுகிறவருக்கோ ஒரு லவுஞ்சில் முனையத்துக்கு வந்து இன்னொரு லவுஞ்சில் திரும்பிப் போகும் வீண் வேலை. 747 வந்ததும் ஒரு விமானத்தை நிரப்ப மூன்று நான்கு லவுஞ்சுகள் வேண்டியிருந்தன. 1980களின் நடுவில் யுனைடெட் நிறுவனத்துக்காக ஓடுதளங்களுக்கு நடுவே ‘தற்காலிகமாக’ ஒரு நீள்கட்டடம் எழுந்தது. அதன்பின் மொபைல் லவுஞ்ச் விமானத்தைத் தேடிப் போவதை விட்டு இரண்டு கட்டடங்களுக்கிடையே போய்வரும் வெறும் பேருந்தாகத் தாழ்ந்தது. கற்பனை செய்த பயணி காணாமல் போனதும் அந்தக் கற்பனையின் சொகுசும் போயிற்று.

ஃபுளோரிடாவின் டாம்பா அதே பயணியை வேறு விதமாகக் கையாண்டது. பிட்ஸ்பர்க் அருகே சவுத் பார்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1965 முதல் நகரப் போக்குவரத்துக்காகச் சோதித்துக்கொண்டிருந்த ஓட்டுநரில்லா வண்டியை, 1971 ஏப்ரலில் திறந்த புதிய விமான நிலையத்துக்குள் அது கொண்டுவந்தது. நடுவில் ஒரு முனையம். அதைச் சுற்றி விமானங்கள் நிற்கும் நான்கு துணைக் கட்டடங்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தின் ஆரக்கால்போல ஒரு தடம், ஏறத்தாழ 300 மீட்டர். ஒவ்வோர் ஆரக்காலிலும் இரண்டு தனித்தனி வழிகள், வழிக்கு ஒரு வண்டி. ஒன்று போகும்போது மற்றது வரும். ஒன்று பழுதானால் மற்றது அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். எந்தப் பயணியும் சுமார் 700 அடிக்கு மேல் நடக்கக் கூடாது என்பது திட்டத்தின் சட்டம். கார் நிறுத்தம் முனையத்தின் தலைக்கு மேலேயே இருந்தது, லிஃப்டில் இறங்கினால் போதும். இந்த வரைபடத்தில் உள்ள ஒரே குறை, ஒரு துணைக் கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு நேர்வழி கிடையாது என்பது. நடு முனையத்துக்கு வந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனையில் நின்று, வேறோர் ஆரக்காலில் போக வேண்டும். ஆனால் டாம்பாவில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக்கு வந்தவர்கள் அல்லது வீடு திரும்புகிறவர்கள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அதனால் அந்த ஆரக்கால் அமைப்பு அரை நூற்றாண்டு கழிந்தும் அதே வேலையைச் செய்கிறது. 2018இல் டாம்பா புதிதாக அமைத்த தடம் எங்கே போகிறது என்று பாருங்கள்: வாடகைக் கார் மையத்துக்கும் தொலைவிலுள்ள கார் நிறுத்தத்துக்கும். பயணி காரில்தான் வருகிறார் என்ற பழைய பதிலையே அது நீட்டியிருக்கிறது.

டாலஸ்–ஃபோர்ட் வொர்த் கதைதான் இந்த வாதத்தின் உரைகல். 1974 ஜனவரி 13 அன்று வணிகச் சேவையைத் தொடங்கிய அந்த விமான நிலையத்தை கட்டடக் கலைஞர் கியோ ஒபாட்டாவின் குழு நெடுஞ்சாலையை மையமாக வைத்து வரைந்தது. நடுவே ஒரு சாலை, அதன் இரு பக்கமும் அரைவட்ட முனையங்கள். பயணி தன் காரை அரைவட்டத்தின் உட்பக்கம் நிறுத்திவிட்டு, சில பத்து அடி நடந்து, வெளிப்பக்கம் நிற்கும் விமானத்தில் ஏறிவிட வேண்டும். கேட்டுக்கே காரில் போவது என்ற இந்தக் கனவு அக்காலத்தில் பலரைப் பிடித்து ஆட்டியது; 1972இல் திறந்த கன்சாஸ் சிட்டியும் இதே வகைதான். டாலஸின் முதல் நான்கு முனையங்களையும், தொலைவிலுள்ள கார் நிறுத்தங்களையும், ஹோட்டலையும் இணைக்க ‘ஏர்ட்ரான்ஸ்’ என்ற அமைப்பு வந்தது. ஏவுகணை, போர் விமானம் செய்துகொண்டிருந்த எல்டிவி நிறுவனம் பக்கத்து ஊரிலேயே இருந்தது; வண்டி வேலையை அது எடுத்தது. சுமார் 21 கிலோமீட்டர் தடம், 68 வண்டிகள். பயணிகள் மட்டுமல்ல, ஊழியர், பெட்டி, தபால், சரக்கு, குப்பைகூட அதே தடத்தில் தனித்தனி வண்டிகளில் போகும் என்பது திட்டம். இவ்வளவு பேராசையோடு ஒரு விமான நிலையத்துக்குள் எவரும் அதற்குமுன் தடம் வரைந்ததில்லை. முதல் மாதங்களில் அது அடிக்கடி நின்றது, பேருந்துகள் கைகொடுத்தன, பெட்டிகளைத் தானே பிரித்தனுப்பும் பகுதி சொன்ன நேரத்துக்குச் செய்து காட்ட முடியாமல் கைவிடப்பட்டது, எல்டிவிக்கு நஷ்டம். எந்திர வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: காலத்துக்கு முந்திய தொழில்நுட்பம், அதனால் தோற்றது.

ஆனால் அது தோற்கவில்லை. தொடக்கத் தொல்லைகள் தீர்ந்தபின் அந்த வண்டிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. தொல்லை தடத்தின் வடிவத்தில் இருந்தது. ஏர்ட்ரான்ஸ் வழிகள் ஒருதிசை வளையங்கள். ஒருதிசை வளையத்துக்கு ஒரு கணக்கு உண்டு, யாரும் தப்ப முடியாது: இரண்டு நிலையங்கள் எவ்வளவு நெருங்கி இருந்தாலும், போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் கூட்டினால் முழு வளையத்தின் சுற்றளவு வரும். முன்னால் உள்ள நிலையத்துக்கு ஒரு நிமிடத்தில் போகலாம். பின்னால் உள்ள நிலையத்துக்கு ஊரைச் சுற்றி வர வேண்டும். காரில் வந்து தன் கேட்டருகே நிறுத்துகிறவருக்கு இது உறைக்காது. தொலைவில் கார் நிறுத்தியவருக்கும் போகும்போது குறைவு, திரும்பும்போது அதிகம் என்று கணக்கு நேராகிவிடும், அதுவும் நாட்கள் இடைவெளியில். விமானம் மாறுகிறவர் ஒரே ஒரு திசையில், ஒரே ஒரு முறை, கையில் நாற்பது நிமிடத்தோடு போகிறவர். வளையம் அவருக்குப் பாதி நேரம் நீள்வழியைத்தான் காட்டும். 1978 அக்டோபரில் அமெரிக்க அரசு விமானப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் போட்டது. எந்த ஊருக்கு யார் பறக்கலாம் என்று அரசு தீர்மானிப்பது நின்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1979இல் தன் தலைமையகத்தை நியூயார்க்கிலிருந்து இங்கே மாற்றி, 1981இல் டாலஸைத் தன் மையமாக்கியது. நாடு முழுவதிலுமிருந்து விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கி, பயணிகளை மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் கிளம்பின. வீட்டிலிருந்து வருகிறவருக்காகக் கட்டிய அரைவட்டங்களில் விமானத்திலிருந்து வந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். 1991இல் அமெரிக்கன் அதே எல்டிவி வண்டிகளில் சிலவற்றைப் புதுப்பித்து, தன் முனையங்களுக்கிடையே மாறுகிற பயணிகளுக்கென்றே தனி வழியாக ஓட்டியது. வண்டியில் குறை இருந்திருந்தால் பதினேழு வயதான வண்டியை எந்த நிறுவனம் சீவிச் சிங்காரித்து மறுபடி ஓட்டும்? 2005 மே மாதம் ‘ஸ்கைலிங்க்’ வந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு உள்பக்கம், தரையிலிருந்து மிக உயரத்தில், இரட்டைத் தடம், இரு திசையிலும் ஓடும் வளையம், பத்து நிலையங்கள். எங்கிருந்து எங்கே போனாலும் ஒன்பது நிமிடத்துக்குள். அடுத்த மாதமே ஏர்ட்ரான்ஸை மூடினார்கள். புதுத் தடம் பழைய தடத்தின் எந்தப் பகுதியையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள முடியாது, பழையது சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டது, புதியது விமானத்தைப் பார்த்து.

இதற்கு நேர் எதிர் உதாரணம் அட்லாண்டா. 1980 செப்டம்பரில் திறந்த அதன் நடுக்களக் கட்டடத் தொகுப்பில் பாதுகாப்புச் சோதனைக்குப்பின் பயணி பூமிக்கடியில் இறங்குகிறார். நேர்கோடாக ஒரு சுரங்கம். மேலே அதைக் குறுக்காக வெட்டியபடி, ஒன்றுக்கொன்று இணையாக, ஏ, பி, சி, டி என்று நீள்கட்டடங்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே சுமார் 300 மீட்டர். அந்த இடைவெளியைத் தீர்மானித்தது மனிதர் அல்ல; இரண்டு பக்கமும் விமானங்கள் மூக்கை உள்ளே வைத்து நிற்க, நடுவே இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று கடந்து போகத் தேவையான அகலம் அது. சுரங்க நிலையத்தில் நடுவே ஒரு மேடை, இரு பக்கமும் எதிரெதிர் திசை வண்டிகள், கண்ணாடிக் கதவுகள். தவறான பக்கம் ஏறினால் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே மேடையின் மறுபக்கம் ஏறினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே நடைவழியும் நகரும் நடைபாதைகளும் சுரங்கம் நெடுக உண்டு, அவசரமில்லாதவரும் வண்டியை நம்பாதவரும் நடக்கலாம். பி-யிலிருந்து சி-க்குப் போகிறவருக்கும் சி-யிலிருந்து பி-க்குப் போகிறவருக்கும் தூரம் ஒன்றே. காரில் வந்தவர் சுரங்கத்தின் ஒரு முனையில் ஏறுகிறார். அவரும் இந்த வரைபடத்தில் இன்னொரு ‘நிலையம்’ மட்டுமே, சலுகை எதுவுமில்லை. டெல்டா, ஈஸ்டர்ன் இரண்டும் அட்லாண்டாவைப் பயணிகளை மாற்றிவிடும் இடமாக 1978க்கு வெகு முன்பே வைத்திருந்தன. தெற்கத்திக்காரர் செத்துச் சொர்க்கத்துக்குப் போனாலும் நரகத்துக்குப் போனாலும் அட்லாண்டாவில் மாறித்தான் போக வேண்டும் என்ற கேலி அந்த ஊர்ப்பக்கம் நெடுங்காலப் பழக்கம். ஆகவே அட்லாண்டாவின் வரைபடத்தைச் சட்டம் உருவாக்கவில்லை. கண்முன்னே இருந்த பயணியைப் பார்த்து வரைந்தார்கள். சட்டம் பின்னால் வந்து மற்ற ஊர்களின் பயணிகளையும் அட்லாண்டாப் பயணிகளாக மாற்றியது. சுரங்கத்தின் வாலை நீட்டுவதும் எளிதாக இருந்தது: 1994இல் ஈ, 2012இல் எஃப். நேர்கோட்டுக்கு வால் நீளும்; வளையத்துக்கு வயிற்றைக் கிழித்தால்தான் இடம் கிடைக்கும்.

இந்த வடிவங்களையெல்லாம் தீர்மானித்தது பயணி அல்ல, ஓடுபாதைகளின் கிடப்புதான் என்று ஒரு பொறியாளர் மறுக்கக்கூடும். நிலம் எப்படிக் கிடைக்கிறதோ அப்படித்தான் கட்டடம், கட்டடம் எப்படியோ அப்படித்தான் தடம். நியாயமான பேச்சுதான், அட்லாண்டாவின் 300 மீட்டர் அதற்குச் சாட்சி. ஆனால் டாலஸிலும் அட்லாண்டாவிலும் ஓடுபாதைகளின் அடிப்படைக் கிடப்பு ஒன்றேதான். இணையான ஓடுபாதைகள், நடுவே முனையங்கள். திசைதான் வேறு: அங்கே வடக்கு–தெற்கு, இங்கே கிழக்கு–மேற்கு. ஆறே ஆண்டு இடைவெளியில் ஒரே வகை நிலத்தில் ஒன்று சாலையைத் தழுவும் வளையங்களையும் மற்றது சாலையை மறந்த நேர்கோட்டையும் வரைந்திருக்கிறது என்றால், நிலம் சொல்லாத எதையோ வரைந்தவர் சேர்த்திருக்கிறார்.

கடத்தலையும் சோதனையையும் காரணம் காட்டுகிறவர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது. விமானக் கடத்தல்கள் பெருகியதால் 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமானது. கேட்டுக்கே காரில் போகும் கனவை அன்றே கொன்றுவிட்டார்கள் என்பது உண்மை. கேட்டுக்குக் கேட் சோதனைச் சாவடி வைக்க வேண்டியிருந்த கன்சாஸ் சிட்டி தன் வட்டங்களோடு ஐம்பது ஆண்டுகள் அல்லாடி, 2023 பிப்ரவரியில் ஒற்றை முனையத்துக்கு மாறியது. ஆனால் சோதனை தீர்மானித்தது தடம் சுவரின் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத்தான். எந்த வடிவில் ஓட வேண்டும் என்பதை அல்ல. டாம்பாவின் ஷட்டில் சோதனைக்கு முந்திய பக்கத்தில் ஓடுகிறது. வண்டியில் ஏறிப்போய், துணைக் கட்டடத்தில் இறங்கியபின்தான் சோதனை. 1973க்கு முன் வரைந்த வரைபடம் ஒரு கோடுகூட மாறாமல் அந்தச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டது. அட்லாண்டாவில் சோதனை முடிந்தபின் வண்டி. இரண்டும் நிலைத்தன. டாலஸில் வளையம் சுவரின் வெளிப்பக்கம் இருந்தது பெரிய சங்கடம்தான். 1991இல் அமெரிக்கன் தன் பயணிகளுக்குத் தனிவழி பிரித்ததில் அதற்கும் பங்கு உண்டு. அந்தச் சங்கடம்கூட மாறுகிற பயணிக்குத்தான். வீட்டிலிருந்து வருகிறவருக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஓடும் வண்டியால் என்ன நஷ்டம்?

பிட்ஸ்பர்க் தன் பதிலையே மாற்றிக்கொண்டு, தடத்தை அதற்குப் பலியாக்கியது. 1992 அக்டோபரில் யுஎஸ்ஏர் நிறுவனத்தின் மையமாக அங்கே ஒரு புதிய விமான நிலையம் எழுந்தது. ஓடுபாதைகளுக்கு நடுவே எக்ஸ் வடிவில் ஒரு கட்டடம், அதில் கேட்டுகள். தொலைவில் செக்-இன்னுக்குத் தனிக் கட்டடம். இரண்டையும் இணைக்க வெஸ்டிங்ஹவுஸ் வழிவந்த சுரங்க வண்டி. இந்த வரைபடத்தில் வேடிக்கை என்னவென்றால், விமானம் மாறுகிறவர் அந்த வண்டியில் ஏறவே மாட்டார். எக்ஸுக்குள் இறங்கி, எக்ஸுக்குள் நடந்து, எக்ஸிலிருந்தே பறந்துவிடுவார். வண்டியில் ஏறுகிறவர் உள்ளூர்க்காரர் மட்டும். மாறுகிற பயணிக்கு வசதியான இடத்தில் கட்டடத்தை வைத்ததற்கான வாடகையை உள்ளூர்க்காரர் ஒவ்வொரு முறையும் வண்டி ஏறிச் செலுத்தினார். 2004இல் அதே நிறுவனம், அப்போது யுஎஸ் ஏர்வேஸ் என்ற பெயரில், மையத்தைக் கலைத்தது. மாறுகிறவர்கள் போனபின், அவர்களுக்காக உள்ளூர்க்காரர் செலுத்திய வாடகை மட்டும் இருபது ஆண்டு தொடர்ந்தது. 2025இல் எக்ஸோடு ஒட்டியே புதிய முனையத்தைக் கட்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். இதே வகை வண்டி முதன்முதலில் சோதிக்கப்பட்ட ஊர் என்பதால் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஊர் செய்ததுதான் சரி. லண்டனின் கேட்விக் விமான நிலையமும் 1983இல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக அமைத்த தன் துணைக்கட்டட ஷட்டிலைப் பின்னாளில் எடுத்துவிட்டு நடைவழி போட்டது. வடக்கு முனையத்துக்குப் போகும் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

அப்படியானால் தடமே எதற்கு, பேருந்து போதாதா என்று கேட்கலாம். தேவை மாறினால் பேருந்தின் வழியை மறுநாளே மாற்றிவிடலாம், கான்கிரீட்டை இடிக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் அதிகம் கடந்து போகும் ஒரு விமான நிலையமே அண்மையில் சோதனைக்களம் ஆனது. 1998இல் திறந்த கோலாலம்பூர் விமான நிலையத்தில், கிஷோ குரோகாவா வடிவமைத்த முதன்மை முனையத்திலிருந்து துணைக் கட்டடம் 1.2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடந்து போக வழியே வைக்கவில்லை. ஏரோட்ரெயின்தான் ஒரே வழி. டென்வரும் 1995இல் இதே துணிச்சலைச் செய்தது. 1998 ஏப்ரலில் ஒரு நாள் சுரங்க வண்டி ஏழு மணி நேரம் நின்றபோது பின்னிரண்டு கட்டடங்களும் தீவுகளாயின. கோலாலம்பூரில் 2023 மார்ச் 1 அன்று வண்டி நடுவழியில் நின்று, 114 பயணிகள் தடத்தில் இறங்கி நடக்க நேர்ந்தது. அடுத்த நாளே சேவை நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேருந்துகள்தான் எல்லோரையும் சுமந்தன. சுமந்தன என்பதே பேருந்துக்காரர்களின் வாதம். ஆனால் அந்தப் பேருந்துகள் விமானங்கள் நகரும் பரப்பில், விமானங்களுக்கு வழிவிட்டு நின்று நின்று ஓட வேண்டியவை. ஒரு பெரிய விமானம் இறங்கும்போது முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். வழியை மாற்றும் சுதந்திரம் பேருந்துக்கு இருந்தும், இரண்டு ஆண்டுகளும் அதே இரண்டு கட்டடங்களுக்கிடையேதான் ஓடியது, வேறெங்கும் போகத் தேவையில்லாததால். 2025 ஜூலை 1 அன்று புது வண்டிகள் பழைய தடத்தில் ஓடத் தொடங்கின. தடத்தின் பதில் இன்னும் மெய்யாக இருந்தது.

அதே விமான நிலையத்தில் 2014இல் மலிவுக் கட்டண நிறுவனங்களுக்காகத் திறந்த இரண்டாவது முனையத்துக்கு இப்படி ஒரு தடம் போடவே இல்லை. அங்கேயும் துணைக் கட்டடம் உண்டு. விமானங்கள் அடியில் போக, மேலே ஒரு நெடிய நடைப்பாலம் அதை இணைக்கிறது. மலிவு நிறுவனங்கள் பயணியைப் பெரும்பாலும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிறவை. நாற்பது நிமிடத்தில் விமானம் மாற்றித் தரும் பொறுப்பை வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஏற்பதில்லை. ஆகவே நடக்கட்டும் என்று விட்டார்கள். சிங்கப்பூர் சாங்கியும் இதே கணக்கைத்தான் போட்டது. 1990இல் இரண்டாம் முனையம் வந்தபோதே முதல் முனையத்தோடு ஸ்கைட்ரெயினால் இணைத்தார்கள், 2008இல் மூன்றாவதையும் சேர்த்தார்கள். குடிநுழைவைத் தாண்டாமலே மூன்றுக்கும் போய்வரலாம். 2017இல் திறந்த நான்காவதுக்கு மட்டும் பேருந்து. திருச்சியிலிருந்து ஏர் ஏஷியாவில் கோலாலம்பூர் வந்து, தனியாக வாங்கிய டிக்கெட்டில் மலேசியா ஏர்லைன்ஸ் பிடித்து மெல்போர்ன் போகிறவர் இரண்டாவது முனையத்தில் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, காசு கொடுத்து ஊருக்குள் போகும் ரயிலில் ஒரு நிறுத்தம் ஏறி, முதல் முனையத்தில் இறங்கி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைப் பொறுத்தவரை அவர் விமானம் மாறுகிறவர் அல்ல. கோலாலம்பூரில் குடியிருந்து, அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்.